பண்டிகைப் பரிசு மிட்டாய்: பாகு எங்கே தவறியது என்று கண்டறிந்து சரிசெய்யும் முறை

ஐப்பசி பிறந்ததும் வேலூர் மண்டித் தெருவில் வெல்லம் வாங்கக் கூட்டம் சேரத் தொடங்கிவிடும். தீபாவளி, கார்த்திகைப் பொரி உருண்டை, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று தை வரை வரிசையாகப் பண்டிகைகள் வருவதால், வீட்டில் கிளறிய மிட்டாயை டப்பாக்களில் அடுக்கி அண்டை வீட்டாருக்கும் வெளியூர் உறவினருக்கும் கொடுக்க இதைவிட ஏற்ற காலம் இல்லை. ஆனால் மழையும் ஈரக்காற்றும் அதே மாதங்களில்தான் வருகின்றன. அதனால் கோடையில் நன்றாக வந்த அதே மிட்டாய் இப்போது வேறு விதமாக நடந்துகொள்ளும். செய்தவர் தம் கைப்பக்குவம் போய்விட்டது என்று வருந்துவார். பெரும்பாலும் கை தவறியிருக்காது, பாகுதான் தவறியிருக்கும். அதைத் திருத்தவும் முடியும்.

இங்கே மூன்று எளிய மிட்டாய்களை எடுத்துக்கொள்கிறேன். முதலாவது கடலை மிட்டாய்: வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை, அதாவது எங்கள் பக்கத்து மல்லாட்டை, 250 கிராமுக்கு வெல்லம் 200 கிராம், தண்ணீர் கால் டம்ளருக்கு மிகாமல். இரண்டாவது தேங்காய் பர்பி: துருவிய தேங்காய் எத்தனை கிண்ணமோ, வெள்ளைச் சர்க்கரையும் அத்தனை கிண்ணம், கிண்ணத்துக்குக் கால் கிண்ணம் தண்ணீர். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இந்தச் சர்க்கரையை இன்னமும் அஸ்கா என்றுதான் சொல்வார்கள். மூன்றாவது, குழந்தைகளுக்குப் பிடித்த பால் டாபி: கடையில் கண்டென்ஸ்டு மில்க் என்று கேட்டு வாங்கும் இனிப்புக் கெட்டிப் பால் 400 கிராம், சர்க்கரை 100 கிராம், வெண்ணெய் 50 கிராம். கீழே சொல்லும் குறைகளில் முக்கால்வாசி இந்த மூன்றிலும் ஏதேனும் ஒரு வடிவில் வரும்.

குறையைத் தேடும் முன் பாகைப் பார்க்க வேண்டும்

பாகு கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகிப் போகிறது. தண்ணீர் குறையக் குறையக் கொதிக்கும் வெப்பம் ஏறுகிறது. ஆகவே பதம் என்று நாம் சொல்வதெல்லாம் பாகில் எவ்வளவு தண்ணீர் மிஞ்சியிருக்கிறது என்பதைத்தான். கம்பிப் பாகு நிலையில், அதாவது 106 முதல் 112 டிகிரி செல்சியஸ் வரை, நூறு பங்குப் பாகில் ஏறத்தாழ இருபது பங்கு தண்ணீராக இருக்கும். தண்ணீரில் விட்டால் மெத்தென்று உருட்ட வரும் பதம் 112 முதல் 116 டிகிரி. அப்போது பதினைந்து பங்கு. உருட்டியதும் கெட்டியாக நிற்கும் பதம் 121 முதல் 130 டிகிரி. அப்போது எட்டுப் பங்கு. தட்டில் போட்டால் உடையும் கல் பதம் 146 முதல் 154 டிகிரி. அங்கே தண்ணீர் ஒரு பங்குதான். முதலில் கம்பிப் பாகு வருவதற்கு நேரம் பிடிக்கும். அதன் பிறகு ஒவ்வொரு பதமும் விரைவாகக் கடந்துபோகும் என்பதால் கடைசி இரண்டு நிமிடங்களில் கைப்பேசி மணி அடித்தாலும் அடுப்பை விட்டு நகரக்கூடாது.

வெல்லத்தில் சர்க்கரையோடு வேறு பொருள்களும் கலந்திருப்பதால் அது சற்று முன்னதாகவே கருகத் தொடங்கும். கடலை மிட்டாய்க்கு வெல்லப் பாகை நான் 140 டிகிரியை ஒட்டி இறக்கிவிடுகிறேன். வெப்பமானி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. திருமணமாகி வந்த புதிதில் குடியாத்தத்து மாமியார் எனக்குச் சொன்ன சோதனையே போதும்: “அவசரப்படாதம்மா, தண்ணியில ஒரு சொட்டு விட்டு, எடுத்துத் தட்டுல போட்டுப் பாரு, டங்குனு சத்தம் வரணும்.” பித்தளைக் கிண்ணத்துக் குளிர்ந்த நீரில் விட்ட சொட்டு அடியில் போய்ப் படிந்து, அரை நிமிடத்தில் கண்ணாடி மணி போல இறுகும், அதை எவர்சில்வர் தட்டில் மேலிருந்து போட்டால் சிறு கல் விழுந்த ஒலி வரும், இரண்டு விரலால் ஒடித்தால் வளையாமல் முறியும். ஒலி மந்தமாக இருந்தாலோ சொட்டு முறியாமல் வளைந்தாலோ இன்னும் ஒரு நிமிடம் வேண்டும். சோதிக்கும் நேரத்தில் அடுப்பை அணைத்துவிடுங்கள். சொட்டை நீங்கள் உருட்டிக்கொண்டிருக்கும்போதே வாணலியில் இருப்பது அடுத்த பதத்துக்குப் போய்விடும்.

கடலை மிட்டாய் பல்லில் ஒட்டுகிறது, இழுத்தால் நூலாக வருகிறது

பாகு கல் பதத்துக்கு வரும் முன்பே கடலையைக் கொட்டிவிட்டீர்கள் என்பது இதன் பொருள். ஆறிய பின் ஓரிரு மணி நேரம் வைத்தால் இறுகிவிடும் என்று காத்திருப்பது வீண். உள்ளே மிஞ்சிய தண்ணீர் அப்படியே இருக்கும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் கெட்டியானது போலத் தோன்றும், வெளியே எடுத்த பத்தாவது நிமிடத்தில் மேலும் பிசுபிசுக்கும்.

ஒட்டும் துண்டுகளை உடைத்து, அடி கனமான இரும்பு வாணலியில் போட்டு, மிகக் குறைந்த தீயில் புரட்டிக்கொண்டே இருங்கள். பாகு இளகி, சிறு குமிழிகளோடு கொதித்து, நிறம் ஒரு சாயல் கூடும்போது, கடலையில்லாத ஓரத்துப் பாகில் ஒரு சொட்டு எடுத்து மேலே சொன்ன சோதனையைச் செய்யுங்கள். மூன்று நான்கு நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் கடலை கருகும். முறியும் பதம் அதற்குள் வரவில்லையென்றால் விட்டுவிட்டு, ஆறிய பிறகு மிக்ஸியில் விட்டு விட்டு அரைத்து, ஏலக்காய்த் தூள் சேர்த்துக் கடலை லட்டாகப் பிடித்துவிடுவது நல்லது. இது தோல்வி இல்லை. எங்கள் வீட்டில் அந்த லட்டுதான் முதலில் காலியாகும்.

வெல்லமும் இதற்குக் காரணமாக இருக்கலாம். மண்டியில் கேட்டால் பாகு வெல்லம் என்று தனியாக எடுத்துக் கொடுப்பார்கள், அதையே வாங்குங்கள். எவ்வளவு காய்ச்சினாலும் முறியும் பதத்துக்கு வராமல் இழுவையாகவே நிற்கும் வெல்லமும் உண்டு. புதிய வெல்லமாக இருந்தால் முதலில் ஐம்பது கிராமை மட்டும் காய்ச்சிப் பார்த்துவிட்டு மீதியை இறக்கலாம். பளீரென்ற மஞ்சள் நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். நிறம் வெளுப்பதற்காக ஹைட்ரோஸ் போன்ற வேதிப்பொருள் சேர்ப்பது வழக்கத்தில் இருப்பதால், மங்கிய பழுப்பு நிற வெல்லமே எனக்கு நம்பிக்கையானது. எந்த வெல்லமானாலும் கரைத்து வடிகட்டிய பின்னரே பாகு வைக்க வேண்டும்; மண் ஒரு துகள் பல்லில் பட்டாலும் பரிசு கெட்டுவிடும்.

முதல் நாள் மொறுமொறுப்பு, மறுநாள் பிசுபிசுப்பு

மேலே சொன்ன குறையும் இதுவும் ஒன்றுபோலத் தோன்றினாலும் காரணம் வேறு. இங்கே பதம் சரியாகவே இருந்தது. காற்றின் ஈரத்தை மிட்டாய் குடித்துவிட்டது. கல் பதத்தில் உறைந்த பாகு, தண்ணீர் மிகக் குறைந்த ஒரு கண்ணாடி போன்றது. ஈரத்தைக் கண்டால் மேற்பரப்பிலிருந்தே கரையத் தொடங்கும். வெல்லத்தில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் வெள்ளைச் சர்க்கரையைவிடக் கூடுதலாக இருப்பதும், அவற்றில் ஃபிரக்டோஸ் ஈரத்தை மிக எளிதாக இழுப்பதும் இதைத் துரிதப்படுத்தும்.

இதற்கு மருந்து வேகந்தான். தட்டில் தொட்டுப் பார்த்தால் சூடு முற்றிலும் தணிந்திருக்க வேண்டும், ஆனால் அதற்கு மேல் ஒரு மணி நேரம்கூட வெளியில் கிடக்கக் கூடாது. சூட்டோடு மூடினால் மூடியின் உட்புறத்தில் நீர்த்துளி படிந்து அதுவே மிட்டாயைக் கெடுக்கும். ஒவ்வொரு துண்டையும் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, மூடி இறுக்கமான சம்படத்தில் அடுக்குங்கள். மழை பெய்துகொண்டிருக்கும் மாலையில் கடலை மிட்டாய் செய்யாமல் வெயில் ஏறிய முற்பகலில் செய்வதையே பல ஆண்டுகளாக வழக்கமாக வைத்திருக்கிறேன்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒரு தீபாவளிக்கு அழகாக இருக்கும் என்று கடலை மிட்டாயையும் தேங்காய் பர்பியையும் ஒரே டப்பாவில் மாறி மாறி அடுக்கி ஏழு வீடுகளுக்குக் கொடுத்தேன். இரண்டே நாளில் பர்பி வறண்டது, கடலை மிட்டாய் கசிந்தது. பர்பியின் ஈரம் மூடிய டப்பாவுக்குள் கடலை மிட்டாய்க்கு இடம் மாறிவிட்டது. இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டுமானால் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, பிறகு ஒரே பெட்டியில் வையுங்கள்.

ஏற்கெனவே கசிந்துவிட்ட துண்டுகளை, பதம் சரியாக இருந்தவை என்று உறுதியாகத் தெரிந்தால், முந்தைய பகுதியில் சொன்னபடி வாணலியில் இளக்கி மீண்டும் பரப்பலாம்.

பாகு மணல் மணலாகப் பூத்துவிட்டது

இது பெரும்பாலும் வெள்ளைச் சர்க்கரைப் பாகில் நேரும். கண்ணாடி போலத் தெளிந்திருந்த பாகு, ஒரு நொடியில் வெளுத்து, கரண்டியைச் சுற்றிச் சர்க்கரையாகத் திரும்பிவிடும். வாணலியின் பக்கச் சுவரில் ஒட்டிய ஒரே ஒரு சர்க்கரைப் பரல் உள்ளே விழுந்தால்கூடப் போதும். மற்றவை அதைப் பற்றிக்கொண்டு படிகமாகும். கொதி வந்த பிறகு கிளறுவதும் அதே வேலையைச் செய்யும்.

வாணலியைக் கீழே கொட்ட வேண்டாம். பூத்த பாகில் அரை டம்ளர் தண்ணீர் விட்டு, குறைந்த தீயில் கடைசிப் பரல் கரையும் வரை கிளறுங்கள். பின்பு கிளறுவதை நிறுத்தி, இரண்டு நிமிடம் மூடி வையுங்கள். உள்ளே எழும் நீராவியே சுவர்களைக் கழுவிவிடும். கால் கிலோ சர்க்கரைக்கு அரை தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு மறுபடி கொதிக்க விடுங்கள். புளிப்பு, சர்க்கரையின் ஒரு பகுதியைக் குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமாகப் பிரிக்கிறது. அவை இடையில் புகுந்து பரல்கள் ஒன்றுசேர விடாமல் தடுக்கின்றன. வெல்லப் பாகு எளிதில் பூக்காததற்கும் இதுவே காரணம்.

தேங்காய் பர்பி இறுகவே இல்லை

மேலே படித்ததை நினைவில் வைத்து, பர்பிக்கும் எலுமிச்சை பிழிந்துவிட்டீர்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கடலை மிட்டாயில் நமக்கு வேண்டியது பரல் இல்லாத கண்ணாடி; பர்பியில் வேண்டியதோ மிக நுண்ணிய பரல்கள் நெருங்கி நிற்கும் கட்டி. ஒன்றில் குறையாக இருக்கும் பூத்தல் மற்றொன்றில் நாம் தேடிப் போகும் பதமாகிறது. அதனால்தான் கடலை மிட்டாய்ப் பாகைக் கிளறக் கூடாது, பர்பியை விடாமல் கிளற வேண்டும். எலுமிச்சை விழுந்த பர்பி அல்வா போலத் தளதளவென்று நிற்கும். வெல்லத்தில் செய்த தேங்காய் பர்பி அவ்வளவு கூர்மையாக வில்லை போட வராததும் இதே காரணத்தால்தான்.

எலுமிச்சை விடாமலே இறுகவில்லை என்றால் தண்ணீர் மிஞ்சியிருக்கிறது. தட்டில் கொட்டியதை வழித்து வாணலிக்குத் திருப்பி, ஒரு கரண்டி சர்க்கரையும் சேர்த்து நடுத்தரத் தீயில் கிளறுங்கள். இறக்கும் பதத்துக்கு மூன்று அடையாளங்கள் உண்டு. கலவை வாணலியில் ஒட்டாமல் திரண்டு சுழலும், ஓரங்களில் வெண்மையாக நுரைத்துப் பூக்கும், கரண்டி கனக்கும். மூன்றும் சேர்ந்து வந்ததும், ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் நெய் தடவிய தட்டில் கொட்டிச் சமப்படுத்துங்கள்.

தாமதித்தால் எதிர்க் குறை வரும்: வில்லை போடும்போது பொலபொலவென்று உதிரும். அப்போது உதிரியை வாணலியில் போட்டு, இரண்டு மூன்று மேசைக்கரண்டி பால் தெளித்து, மெல்லிய தீயில் ஈரம் பரவும் வரை கிளறி மறுபடி கொட்டினால் பர்பி திரும்பிவிடும். நிறம் மங்கலாக இருந்தால், துருவும்போது ஓட்டை ஒட்டிய பழுப்புப் பகுதியும் சேர்ந்து வந்திருக்கும். அதற்கு அடுத்த முறைதான் தீர்வு.

கசக்கிறது

துண்டிலிருந்து கடலையைப் பிரித்தெடுத்துத் தனியாகச் சுவையுங்கள், பாகைத் தனியாகச் சுவையுங்கள். பாகு கசந்தால் சர்க்கரை கருகிவிட்டது. அதைத் திருத்த எந்த வழியும் இல்லை, ஏலக்காயும் சுக்கும் அதை மறைக்காது. கடலை கசந்தால் வறுவல் மிஞ்சியிருக்கும், அல்லது பழைய கடலையாக இருந்து எண்ணெய் காறியிருக்கும். தீயைக் குறைத்து, மணல் சூட்டில் வறுப்பது போலப் பொறுமையாக வறுத்தால் உள்ளும் புறமும் ஒரே நிறமாக வரும்.

சுருங்கிய, நிறம் மாறிய, பூஞ்சை படிந்த கடலையை வறுக்கும் முன்பே பொறுக்கி எறிந்துவிட வேண்டும். அத்தகைய பூஞ்சை உண்டாக்கும் அஃப்லடாக்ஸின் என்ற நச்சு கல்லீரலைத் தாக்கக்கூடியது. வறுப்பதால் அது முழுமையாக அழியாது. குழந்தைகள் கைக்குப் போகும் பரிசு என்பதால் இதில் நான் சிறிதும் விட்டுக்கொடுப்பதில்லை.

பால் திரிந்துவிட்டது, அல்லது வெண்ணெய் பிரிந்து மிதக்கிறது

டாபியில் சர்க்கரைக்குப் பதிலாக வெல்லம் போட்டவர்களுக்குப் பால் திரியும். வெல்லத்தில் இயல்பாகவே சிறிது புளிப்புத் தன்மை உண்டு. கொதிக்கும் சூட்டில் அது பாலைப் பிரித்துவிடும். வெல்ல மணம் கட்டாயம் வேண்டுமென்றால், பால் கலவையைச் சர்க்கரையோடு முழுமையாகக் கிளறி முடித்து, இறக்கிய பிறகு கெட்டி வெல்லப் பாகு இரண்டு கரண்டி சேர்க்கலாம். திரிந்துபோன கலவையை வழவழப்பான டாபியாக்க முடியாது. ஆனால் தொடர்ந்து சுண்டக் கிளறினால் திரட்டுப்பால் போல மணல் பதத்தில் நல்ல இனிப்பாக வரும்.

வெண்ணெய் பிரிவதற்குக் காரணம் தீ அதிகமானதே. அடுப்பை அணைத்து, ஒரு மேசைக்கரண்டி வெந்நீர் விட்டு வேகமாக அடித்துக் கலக்குங்கள், தேவைப்பட்டால் இன்னொரு கரண்டி. கலவை மீண்டும் பளபளப்பாகச் சேர்ந்ததும் மெல்லிய தீயில் தொடருங்கள். டாபியை 118 டிகிரியில் இறக்கினால் மெதுவாக இருக்கும். எங்கள் ஊர்ச் சூட்டில் அது காகிதத்தோடு ஒட்டிக்கொள்கிறது என்பதால் 121 வரை விடுகிறேன்.

பொரி உருண்டை பிடிக்க வரவில்லை

பாகு ஆறிவிட்டது. வாணலியை மெல்லிய தீயில் அரை நிமிடம் காட்டினால் மறுபடி இளகும். கையில் நெய் தடவுவதைவிட அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு பிடிப்பதே எளிது, சூடும் குறைவாகத் தெரியும். பிடித்த உருண்டை மாலைக்குள் சவசவத்தால் பாகு இளம் பாகு. பொரிக்கும் முறியும் பதமே வேண்டும். எள்ளுருண்டைக்கும் இதுவே பொருந்தும்.

தட்டை விட்டு வரவில்லை, வெட்டினால் சிதறுகிறது

தட்டின் அடிப்பகுதியைத் தீயில் சில நொடி காட்டிக் கவிழ்த்துத் தட்டுங்கள், வந்துவிடும். சிதறுவது, ஆறிய பிறகு கத்தி வைத்ததால். கொட்டிப் பரப்பிய மூன்று நான்கு நிமிடத்துக்குள், சூடு இருக்கும்போதே நெய் தடவிய கத்தியால் கோடு போட்டுவிட்டால், ஆறியதும் கோட்டிலேயே ஒடியும்.

வெப்பமானி ஒன்று காட்டுகிறது, தண்ணீர்ச் சோதனை வேறொன்று காட்டுகிறது

கொதிக்கும் வெறும் தண்ணீரில் வெப்பமானியை அடியில் படாமல் பிடித்துப் பாருங்கள். வேலூர் கடல் மட்டத்துக்கு மேல் இருநூறு மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்தில் இருப்பதால், 99 டிகிரிக்கு மேல், ஏறக்குறைய 100 காட்ட வேண்டும். அது 97 காட்டினால் உங்கள் வெப்பமானி மூன்று டிகிரி குறைத்துக் காட்டுகிறது. நான் கொடுத்துள்ள அளவுகளிலிருந்து அந்த மூன்றைக் கழித்து, அந்த எண் வந்ததும் இறக்கிக்கொள்ளுங்கள். ஏலகிரியில் இருப்பவர்களுக்கு மட்டும் வேறு கணக்கு. ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட அந்த உயரத்தில் தண்ணீரே 96, 97 டிகிரியில் கொதித்துவிடும். ஆகவே நான் கொடுத்துள்ள ஒவ்வொரு வெப்ப அளவிலும் மூன்று நான்கு டிகிரி குறைத்தே இறக்க வேண்டும்.

கையில் பாகு பட்டுவிட்டது

இது மிட்டாயின் குறை இல்லை, ஆனாலும் இதை விட முடியாது. கொதிநீர் பட்டால் வழிந்துபோகும். அதைவிட ஐம்பது டிகிரி கூடுதல் சூட்டில் இருக்கும் பாகு ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். உடனே குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள்; பாகு தானே கரையும், பிய்த்து எடுக்காதீர்கள். பற்பசை, மை, மாவு எதையும் பூச வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தாலும், முகத்திலோ குழந்தைக்கோ பட்டிருந்தாலும், மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பாகு அடுப்பில் இருக்கும் நேரத்தில் குழந்தைகளுக்குக் கூடத்தில் காகிதம் கத்தரிக்கும் வேலையைக் கொடுத்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம்.

வெளியூர் போய்ச் சேர்வதற்குள் உடைகிறது, கெடுகிறது

சென்னைக்கோ பெங்களூருக்கோ கூரியரில் அனுப்ப ஏற்றவை கடலை மிட்டாயும் டாபியும். நன்றாக மூடினால் கடலை மிட்டாய் மூன்று வாரமும் டாபி இரண்டு வாரமும் தாங்கும். பச்சைத் தேங்காய் பர்பி வெளியில் மூன்று நான்கு நாள் மட்டுமே இருக்கும் என்பதால் அதைக் கையோடு கொண்டுபோய்க் கொடுக்கும் வீடுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆற்காட்டு மக்கன் பேடாவைப் போலப் பாகில் ஊறிய இனிப்புகளைத் தகர டப்பாவில் அனுப்புவது கசிவுக்கு வழிவகுக்கும். டப்பாவில் துண்டுகள் ஆடாதபடி இடைவெளியில் கசக்கிய காகிதத்தை நிரப்பி, குலுக்கிப் பாருங்கள். சத்தம் கேட்டால் இன்னும் காகிதம் வேண்டும். மூடியின் மேல் செய்த தேதியையும், வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்காக உள்ளே கடலை இருக்கிறது என்பதையும் எழுதி ஒட்டுங்கள்.